கடலோர ஈரத்தில் மாதிரி விமானம்: எஞ்சினையும் மின்னணுக் கருவிகளையும் பழுதுபார்க்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தில், ரேடியோவால் இயக்கிப் பறக்கவிடும் மாதிரி விமானங்களிலிருந்து என் கைக்கு வரும் எஞ்சின்களில் பறந்து தேய்ந்தவை குறைவு. பெட்டிக்குள் கிடந்து துருப்பிடித்தவையே அதிகம். கடலிலிருந்து வீசும் உப்புக் காற்றும், டிசம்பரிலிருந்து மார்ச் வரை விடாத புழுக்கமும் இரும்புக்கு ஆகாதவை. அதனால் இந்த விளக்கத்தில் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். பறந்து முடித்த மாலையே எஞ்சினைக் கவனியுங்கள். பழுது வந்தால் வெளியிலிருந்து உள்ளே போங்கள். எஞ்சினைத் திறப்பது கடைசி வேலை.

புதியவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது 46 அளவு எனப்படும் 7.5 சிசி இருவீச்சு (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சின். அதை வைத்தே விளக்குகிறேன். இதன் எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால். 5 முதல் 15 சதவீதம் நைட்ரோமீத்தேனும், 20 சதவீதத்துக்கு நெருக்கமாக எண்ணெயும் சேர்ந்திருக்கும். அந்த எண்ணெய் விளக்கெண்ணெயாகவோ செயற்கை எண்ணெயாகவோ இரண்டின் கலவையாகவோ இருக்கலாம். தீப்பொறிக்கு மின்சுற்று எதுவும் கிடையாது. 1947இல் அமெரிக்காவின் ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த குளோ பிளக்தான் இன்றும் அந்த வேலையைச் செய்கிறது. பிளக்கிலுள்ள பிளாட்டினக் கலவைக் கம்பிச்சுருளை முதலில் 1.5 வோல்ட் கொடுத்துச் சிவக்க வைக்கிறோம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும், பிளாட்டினத்தின் மீது மெத்தனால் வினைபுரியும் சூடும் அழுத்தத்தால் வரும் சூடும் அதை அணையாமல் வைத்திருக்கும்.

மெத்தனாலுக்கு ஒரு குணம் உண்டு: காற்றிலுள்ள நீரை இழுத்துக்கொள்ளும். எஞ்சினுக்குள் மிஞ்சிய எரிபொருள் ஒரு வாரம் கிடந்தால், சுழலும் அச்சைத் தாங்கும் பேரிங்குகளின் எஃகுக் குண்டுகள் அந்த நீரில் ஊறும்.

வேலையைத் தொடங்குமுன் எச்சரிக்கை. மெத்தனால் நஞ்சு, வயிற்றுக்குள் போனால் கண் பார்வையே போகலாம், தோல் வழியாகவும் உடலில் ஏறும். நைட்ரைல் கையுறை அணியுங்கள். மெத்தனால் எரியும்போது பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்குத் தெரியாது. அதனால் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். மெத்தனால் தண்ணீரில் கலந்துவிடும் என்பதால் தண்ணீராலேயே அணைக்கலாம். புரொப்பல்லரை விரலால் சுழற்றாதீர்கள், கட்டையால் சுழற்றுங்கள். எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகை, எஞ்சின் ஓடும்போது பின்னால் நின்றுதான் தொட வேண்டும். விளிம்பில் மயிரிழை அளவு விரிசல் கண்ட புரொப்பல்லரை ஒட்டிப் பயன்படுத்த நினைக்காதீர்கள், உடைத்துக் குப்பையில் போடுங்கள்.

படி 1: மாலை வேலை

கடைசிப் பறப்பு முடிந்ததும் எரிபொருள் குழாயை விரலால் நெரித்து, உள்ளே இருப்பதெல்லாம் எரிந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். பிறகு பிளக்குக்கு மின்சாரம் கொடுத்து மறுபடி சுழற்றிப் பாருங்கள். ஓரிரு முறை வெடித்து அடங்கினால் மிச்சமும் போய்விட்டது என்று பொருள். தொட்டியைக் காலி செய்யுங்கள். அழுத்தக் காற்றில் இயங்கும் கருவிகளுக்கான எண்ணெயில் ஐந்தாறு சொட்டு கார்பரேட்டர் வாயிலும், பிளக்கைக் கழற்றி அந்தத் துளையிலும் விட்டு, புரொப்பல்லரைக் கையால் பல சுற்றுச் சுற்றுங்கள். விமானத்தின் மூக்கை மேலே தூக்கியும் கீழே சாய்த்தும் சுற்றினால்தான் எண்ணெய் முன் பேரிங், பின் பேரிங் இரண்டுக்கும் போகும். கார்பரேட்டரை மூடிவிட்டு எஞ்சினைத் துணியால் சுற்றுங்கள்.

கார் நிறுத்தும் கொட்டகைத் தரை வேண்டாம். வீட்டுக்குள் ஓர் அலமாரி, ஒரு சிலிக்கா ஜெல் பை, அது போதும்.

படி 2: கிளம்ப மறுக்கும் எஞ்சின்

உடனே திருப்புளியைத் தேடாதீர்கள். பிளக், எரிபொருள், தொட்டி, ஊசித் திருகு என்ற வரிசையில் பாருங்கள். பெரும்பாலான பழுதுகள் இந்த நான்கிலேயே அகப்பட்டுவிடும்.

பிளக்கைக் கழற்றி மின்சாரம் கொடுங்கள். சுருள் முழுவதும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் எரிய வேண்டும். ஒரு பாதி மட்டும் சிவந்தால் பிளக்கை மாற்றுங்கள். எரியவே இல்லை என்றால் முதலில் மின்சாரம் தரும் பேட்டரியைச் சந்தேகியுங்கள். இனி அதே சுருளை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். எஞ்சினின் உடல்நிலை முழுவதும் அங்கே எழுதியிருக்கும். பளபளப்பாக, வளையங்கள் ஒரே சீராக இருந்தால் நலம். மங்கிச் சொரசொரப்பாக இருந்தால் வயதாகிவிட்டது. வளையங்கள் நசுங்கிக் கோணியிருந்தால் எரிபொருள் போதாமல் எஞ்சின் சூடேறி ஓடியிருக்கிறது. மணல் போன்ற வெள்ளிப் பொடிகள் ஒட்டியிருந்தால் உள்ளே உலோகம் தேய்கிறது; அப்போது மட்டும் நேராகப் படி 4க்குப் போங்கள்.

எரிபொருள் கேனின் மூடி எவ்வளவு நாள் தளர்ந்து கிடந்தது என்பதை யோசியுங்கள். சந்தேகம் இருந்தால் புதிய கேனில் முயலுங்கள்.

தொட்டிதான் புதியவர்களை அதிகம் ஏமாற்றும். உள்ளே மென்குழாயின் நுனியில் ஒரு எடைக்குண்டு தொங்குகிறது. விமானம் எப்படிச் சாய்ந்தாலும் அது எரிபொருள் இருக்கும் பக்கம் சாய வேண்டும். ஆனால் பின்சுவரைத் தொடக்கூடாது, சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். குழாயில் ஊசித் துளை விழுந்தால் எஞ்சின் காற்றைக் குடிக்கும். தரையில் நன்றாக ஓடி வானத்தில் நின்றுபோகும். சோதனை எளிது. தொட்டியைக் கழுவி, ஒரு குழாயைத் தவிர மற்றதை அடைத்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, கைப் பம்பால் மெதுவாகக் காற்றைச் செலுத்துங்கள். குமிழி வரும் இடமே ஓட்டை. தொட்டியின் மையக்கோடு ஊசித் திருகின் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ அமைய வேண்டும். தொட்டியைச் சுற்றி நுரைப் பஞ்சு வைத்தால் அதிர்வில் எரிபொருள் நுரைக்காது. சிலிக்கான் குழாய் மெத்தனாலுக்கு மட்டுமே. பெட்ரோல் எஞ்சினுக்கு மாறினால் குழாயையும் மாற்றுங்கள்.

டர்பனுக்கு வடக்கே டொங்காட், வெருலம் பக்கம் விமானம் பறக்கவிடுபவர்களுக்குத் தனியாக ஒன்று. கரும்பு அறுவடைக் காலத்தில் தோட்டம் கொளுத்தினால் கருஞ்சாம்பல் காற்றில் மிதந்து வந்து விழும். அந்தச் சாம்பலும் அதோடு வரும் மண்ணும் கார்பரேட்டர் வழியே போனால் சிலிண்டர் உள்சுவரைக் கீறிவிடும். எரிபொருள் நிரப்பும் குழாயில் வடிகட்டி இல்லாமல் நிரப்பாதீர்கள். திறந்த கேனைப் புல்லில் வைக்காதீர்கள். புகை தெரியும் நாளில் எஞ்சின் வாயை மூடியே வைத்திருங்கள்.

இப்போது ஊசித் திருகு. உற்பத்தியாளர் சொன்ன அளவிலிருந்து தொடங்கி, எஞ்சின் சூடான பிறகு முழு வேகத்தில் மெதுவாக வலப்பக்கம் திருகுங்கள். முதலில் கனத்து உருளும் சத்தம் கேட்கும். திருகத் திருக அது உடைந்து, இடைவெளியற்ற கூரிய ஒலியாக மாறும். உச்ச வேகம் வந்ததும் இரண்டு மூன்று கிளிக் திரும்பத் திறந்துவிடுங்கள். வேகம் லேசாகத் தணிய வேண்டும், மெல்லிய வெண்புகை தொடர வேண்டும். ஒருவர் விமானத்தை இறுகப் பிடித்து மூக்கை வானை நோக்கித் தூக்கட்டும். ஒலி தளர்ந்தால் எரிபொருள் போதவில்லை, இன்னும் திறங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து விமானம் வாங்கி வருபவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. அந்த நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி டர்பனைவிட ஏறக்குறைய 16 சதவீதம் குறைவு. குறைந்த காற்றுக்கேற்பக் குறைந்த எரிபொருளுக்கு ஊசியை மூடி வைத்திருப்பார்கள். அதே அமைப்போடு இங்கே ஓட்டினால் அடர்ந்த காற்றுக்கு எரிபொருள் போதாமல் எஞ்சின் கொதித்துப்போகும். N3 நெடுஞ்சாலையில் இறங்கி வந்ததும் முதல் வேலையாக ஊசியை அரைச் சுற்றாவது திறந்து, மறுபடி ஆரம்பத்திலிருந்து அமைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: இறுகிய பிஸ்டன்

"மாமா, எஞ்சின் இறுகிவிட்டது, உச்சியில் போய் நிற்கிறது" என்று டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரு பையன் புதிய எஞ்சினைக் கொண்டுவந்தான். அதில் பழுதே இல்லை. அலுமினிய பிஸ்டனும் குரோமியம் பூசிய பித்தளைச் சிலிண்டர் குழலும் கொண்ட எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உச்சியில் பிடிக்கத்தான் வேண்டும். சூடேறிப் பித்தளை விரிந்ததும் சரியான இடைவெளி வரும். பழகாத எஞ்சினை முடி உலர்த்தியால் சூடாக்கிவிட்டுச் சுழற்றுங்கள்.

பல ஆண்டு கிடந்து ஒட்டிக்கொண்ட எஞ்சின் வேறு வகை. அங்கே விளக்கெண்ணெய் பசையாகிக் கெட்டிப்பட்டிருக்கும். இடுக்கியால் திருகாதீர்கள், புகைவாயில் திருப்புளியை நுழைத்துப் பிஸ்டனை நெம்பாதீர்கள். அந்த ஒரு கீறலோடு எஞ்சினின் அழுத்தம் போய்விடும். பிளக் துளையில் எண்ணெய் விட்டு, கை பொறுக்காத அளவுக்குச் சூடுகாட்டி, மெல்ல அசைத்தால் இளகிவிடும்.

படி 4: பேரிங் மாற்றுதல்

பிளக்கைக் கழற்றிவிட்டு அச்சை மெதுவாகச் சுற்றுங்கள். கரகரவென்று விரலுக்குத் தட்டுப்பட்டால் பேரிங் போய்விட்டது. இது பயப்பட வேண்டிய வேலை இல்லை. ஆனால் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் கைபேசியில் படம் எடுங்கள். பிஸ்டனின் முன்பக்கத்தை அடையாளமிடுங்கள். சிலிண்டர் குழலில் அதன் நிலையைக் காட்டும் வெட்டு எங்கே என்று பாருங்கள்.

கார்பரேட்டர், பின் மூடி, தலை, குழல், பிஸ்டன் என்று கழற்றிக்கொண்டே போங்கள். அச்சை முன்பக்கத்திலிருந்து மரச் சுத்தியலால் தட்டிப் பின்னால் எடுங்கள். மிஞ்சும் எஞ்சின் கூடான கிராங்க் கேஸில் ரப்பர் வளையமோ பிளாஸ்டிக்கோ ஒட்டியிருக்கக் கூடாது. அதை நன்றாகக் கழுவி முழுக்க உலர்த்துங்கள். மெத்தனால் ஈரத்தோடு அடுப்புக்குள் வைப்பது ஆபத்து. 150 டிகிரி செல்சியஸில் பத்துப் பதினைந்து நிமிடம் சூடாக்கி, தடித்த கையுறையோடு எடுத்து, பின்பக்க வாய் கீழே இருக்கும்படி ஒரு மரக்கட்டையில் சட்டென்று தட்டுங்கள். எஃகைவிட அலுமினியம் அதிகம் விரிவதால் பின் பேரிங் தானாக விழும். முன் பேரிங்கை உள்ளிருந்து மரக் குச்சியால் தள்ளுங்கள்.

பேரிங்கின் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் பேரிங் விற்கும் எந்தக் கடையிலும் தருவார்கள். புதியதைக் காற்றுப் புகாத பையில் ஒரு மணி நேரம் உறைபெட்டியில் வைத்து, சூடான கேஸில் நேராக இறக்குங்கள். சாய்ந்து மாட்டிக்கொண்டால் அடிக்காதீர்கள். மறுபடி சூடாக்கி எடுத்துத் திரும்ப இறக்குங்கள். தலைத் திருகுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முறுக்குங்கள்.

படி 5: மின்னணுப் பகுதி

எஞ்சின் நின்றால் விமானம் மிதந்து இறங்கும். நம் கையிலுள்ள ட்ரான்ஸ்மிட்டரின் கட்டளையை விமானத்தில் வாங்கும் ரிசீவருக்கு மின்சாரம் நின்றால் அது யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. அதனால் இங்கே எனக்குச் சமரசம் கிடையாது.

முதலில் பேட்டரியின் கறுப்பு வயர். நிக்கல் பேட்டரித் தொகுப்புகளில் எதிர்முனை வயர் உள்ளே அரித்துக்கொண்டே போகும், வெளி உறை புதிது போலவே இருக்கும். நுனியில் உறையைச் சீவிப் பாருங்கள். செம்பு இழைகள் செந்நிறமாக மினுங்கினால் நல்லது. கறுத்துப்போய், சால்டர் வைத்தால் ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடினால், அந்த வயரை முழு நீளமும் மாற்றுங்கள். நுனியை மட்டும் வெட்டிவிட்டு மீண்டும் இணைப்பது வீண். அரிப்பு ஸ்விட்ச் வரை போயிருக்கும், ஸ்விட்சையும் மாற்றிவிடுங்கள். சால்டருக்கு மின்னணு வேலைக்கான ரோசின் பசை மட்டும் பயன்படுத்துங்கள். அமிலப் பசை புதிய அரிப்பைத் தொடங்கிவைக்கும்.

நான்கு செல் பேட்டரியைச் சும்மா அளந்தால் நல்ல வோல்ட் காட்டிவிடும். 1 ஆம்பியர் சுமை கொடுத்து அளந்து பாருங்கள். 4.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அன்று பறக்காதீர்கள்.

மின்மோட்டார் விமானம் வைத்திருப்பவர்கள் லித்தியம் பாலிமர் பேட்டரியை நிறைத்து வைக்கும் பழக்கத்தை விட வேண்டும். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் நிறைவு; சேமித்து வைக்க 3.8 வோல்ட், 3.5க்குக் கீழே பறக்கவிடக் கூடாது. உப்பிய பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்யாதீர்கள். மின்வெட்டு வரும் வேளையில் சார்ஜரை மாட்டிவிட்டு வெளியே போகாதீர்கள். மின்சாரம் திரும்பும்போது வோல்ட் துள்ளும். சார்ஜரைக் கழற்றி வைத்திருந்து, மின்சாரம் நிலைத்த பிறகு மாட்டுங்கள். மோட்டாரில் எந்த வேலை செய்தாலும் முதலில் புரொப்பல்லரைக் கழற்றுங்கள்.

இறக்கை, வால் பகுதிகளின் பரப்புகளை அசைக்கும் சிறு மோட்டார்தான் சர்வோ. அதன் பழுதைக் கையால் உணரலாம். மின்சாரம் இல்லாமல் அதன் கையை மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் துள்ளினால் பல்சக்கரத்தில் பல் உடைந்திருக்கிறது. சக்கரத் தொகுதியை மட்டும் மாற்றலாம். நடுநிலையில் நிற்காமல் நடுங்கினால் உள்ளிருக்கும் நிலையறியும் பாகம் தேய்ந்திருக்கும். அப்படிப்பட்ட சர்வோவை மாற்றுவதே முறை, சுத்தம் செய்து ஓட்டுவது சில நாளுக்குத்தான் வரும்.

ரிசீவரை மென்மையான பஞ்சில் சுற்றி வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவாங்கியின் நுனியில் உறையில்லாத 31 மில்லிமீட்டரே வேலை செய்யும் பகுதி. அது மடங்கவோ கார்பன் இழைக்குப் பின்னால் மறையவோ கூடாது. இரண்டு அலைவாங்கிகள் இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஒட்டுங்கள்.

விமானம் கடலில் விழுந்தால் பேட்டரியை உடனே பிரித்தெடுங்கள். மற்ற கருவிகளை நல்ல தண்ணீரில் அலசி, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசிக் காய வையுங்கள். உப்பு காய்ந்துவிட்டால் பிறகு எதுவும் உதவாது.

படி 6: பறக்குமுன் தூரச் சோதனை

ட்ரான்ஸ்மிட்டரை நிறுத்தினால் எஞ்சின் வேகம் தாழும்படி பாதுகாப்பு நிலையை அமைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். தொலைவுச் சோதனை நிலைக்கு மாற்றி, கருவியின் கையேடு சொல்லும் தூரம் நடந்து, இறக்கையிலும் வாலிலும் அசையும் ஒவ்வொரு பரப்பும் அசைகிறதா என்று கவனியுங்கள். முதலில் எஞ்சினை நிறுத்தி, பிறகு ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். நின்ற எஞ்சினில் சரியாக இருந்து, ஓடும்போது பரப்புகள் துடித்தால் காரணம் அதிர்வு. புரொப்பல்லரின் சமநிலை, எஞ்சினைத் தாங்கும் திருகுகள், ரிசீவரைச் சுற்றிய பஞ்சு, ஸ்விட்சின் இணைப்பு என்று வரிசையாகப் பாருங்கள். துடிப்பு முழுவதும் நிற்கும்வரை விமானம் தரையிலேயே இருக்கட்டும்.