28 மி.மீ. அளவில் நெப்போலியனின் சாரட்டு: உட்காரும் ஆளிலிருந்து தொடங்கும் செய்முறை

சாரட்டு வண்டியை முழுவதும் கட்டி, வண்ணமும் பூசி முடித்த பிறகு உள்ளே உட்கார வைக்க ஆள் தேடுவதே புதிதாகத் தொடங்குபவர்களின் வழக்கம். அந்த வரிசையில் போனால் தொப்பி கூரையில் இடிக்கும், முழங்கால் முன்பலகையில் முட்டும், இருவருக்கென்று வைத்த இருக்கையை ஒருவரே அடைத்துக்கொள்வார். ஆகவே இந்தச் செய்முறையில் முதலில் ஆளை உட்கார வைக்கிறோம். பிறகு அவரைச் சுற்றி வண்டியைக் கட்டுகிறோம். 28 மி.மீ. என்பது நிற்கும் பொம்மை ஆளின் ஏறத்தாழ உயரம். உருவங்களை அவை வார்க்கப்பட்டு வரும் சட்டத்திலிருந்து வெட்டி எடுப்பதும் அடிப்பூச்சு பூசுவதும் உங்களுக்குத் தெரிந்தவை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

எந்த வண்டி, எந்த நாள்

நான் எடுத்துக்கொண்டது 1815-இல் நெப்போலியன் பயன்படுத்திய பயண வண்டி. வாட்டர்லூ போர் நடந்த ஜூன் 18 இரவில், ஜெனாப் என்னும் சிற்றூரில், பின்வாங்கும் படையின் நெரிசலில் சிக்கி நின்ற இந்த வண்டியைப் பிரஷ்யர்கள் கைப்பற்றினார்கள். அடுத்த ஆண்டு லண்டன் பிக்காடிலியிலிருந்த எகிப்தியன் ஹாலில் வில்லியம் புல்லக் இதைக் காட்சிக்கு வைத்தார். பின்னர் மேடம் துசாட் காட்சியகத்துக்குச் சென்ற வண்டி 1925-இல் அங்கு ஏற்பட்ட தீயில் அழிந்துவிட்டது. புல்லக் காட்சியின்போது வெளியான விவரணையும் படங்களும் எஞ்சியிருப்பதால் வண்ணத்தைப் பற்றி நாம் ஊகிக்க வேண்டியதில்லை: உடல் கருநீலம், ஓரங்களில் பொன் வேலைப்பாடு, சக்கரங்களும் அடிச்சட்டமும் சிந்தூரச் சிவப்பு. வண்டியின் முன்புறத்தில் ஒரு பெட்டி நீண்டிருக்கும். படுக்க விரும்பினால் பேரரசர் அதற்குள் காலை நீட்டிக்கொள்வார்.

ஜெனாப் காட்சியை அமைக்க விரும்புவோர் வண்டிக்குள் யாரையும் வைக்கக் கூடாது, ஏனெனில் நெப்போலியன் குதிரையேறித் தப்பிவிட்டார். உட்கார்ந்த உருவங்கள் வேண்டுமென்றால் 1815 ஜூன் 12-ஐத் தேர்ந்தெடுங்கள். அன்று விடியுமுன் அவர் பாரிஸிலிருந்து வடக்கே புறப்பட்டார். அருகில் அவருடைய படைத் தலைமை அலுவலராக இருந்த மார்ஷல் பெர்த்தியேயை அமர்த்தும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பெர்த்தியே அதே ஆண்டு ஜூன் 1 அன்று பாம்பெர்கில் இறந்துவிட்டார். 1814 வரையிலான காட்சிகளுக்கு அவர் பொருத்தமானவர். 1815-க்கு அரண்மனைப் பெருமார்ஷல் பெர்த்ரானே சரி. வண்டிக்காரர் பக்கத்தில் மாம்லூக் (எகிப்தியக் குதிரைவீரர்) உடையில் ஒருவரை வைத்தால் அவர் நெப்போலியனின் பணியாளர் ருஸ்தம் ஆக முடியாது. ருஸ்தம் 1814-இலேயே விலகிவிட்டார். அந்த இடத்தில் இருந்தவர் அலி என்று அழைக்கப்பட்ட லூயி எத்தியேன் சேன்-டெனி.

கருவிகள்

தடித்த ஹாபி ரம்பங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். நகை ஆசாரிகள் பயன்படுத்தும் மெல்லிய வில் ரம்பம் 28 மி.மீ. உருவத்தின் இடுப்பில் மயிரிழை அகலத்துக்கே பொருளைத் தின்னும், விலையும் குறைவு. இதனுடன் 0.5 மி.மீ. துளைக்கும் கைத்துளைப்பான், அதே தடிமனில் பித்தளைக் கம்பி, 1 மி.மீ. பிளாஸ்டிக் தகடு, பிளாஸ்டிக்குக்கான திரவப் பசை, ஃபெவிகுயிக் ஆகியவை போதும். புட்டியைப் பொறுத்தவரை, உட்புறத்தை நிரப்ப எம்-சீல் போதுமானது. ஆடை மடிப்புக்கு மட்டும் கிரீன் ஸ்டஃப் என்னும் பச்சை நிற இருபகுதிப் புட்டியை வாங்கிவிடுங்கள். அதன் நெகிழ்வு மெல்லிய கோட்டு விளிம்புகளுக்கு இன்றியமையாதது.

ஆளை உட்கார வைத்தல்

குதிரைவீரன் உருவத்தை எடுத்து இருக்கையில் வைத்துவிடலாம் என்றே எல்லோருக்கும் முதலில் தோன்றும். குதிரை மேல் இருப்பவரின் தொடைகள் பக்கவாட்டில் விரிந்திருக்கும். அவற்றைச் சேர்த்து முன்னோக்கித் திருப்புவது, நின்றுகொண்டிருக்கும் உருவத்தை மடக்குவதைவிடக் கடினமான வேலை. நீண்ட கோட்டு அணியாத, நிற்கும் உருவமே நல்லது. கோட்டை நாமே பிறகு செய்துகொள்ளலாம்.

பலரும் தடுமாறும் இடம் இடுப்பு வெட்டு. முன்பக்கத்தில், வயிறும் தொடையும் சந்திக்கும் கோட்டில், ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டும். அந்த ஆப்பின் கூர்முனை உடலின் நடு ஆழத்தோடு நின்றுவிட வேண்டும். முதுகுப்பக்கம் வரை ஆப்பைக் கொண்டுபோனால் தொடையின் நீளம் வெட்டில் போய்விடும், உட்கார்ந்தபின் ஆள் சிறுவனைப் போலத் தெரிவார். உண்மையான உடலில் உட்காரும்போது முன்பக்கம் மடியும், பின்பக்கம் நீளும். அதையே நாமும் செய்கிறோம். உலோக உருவமானால் மீதிப் பகுதியை மெல்ல வளைக்கலாம். கெட்டிப் பிளாஸ்டிக் வளைத்தால் முறியும், எனவே ஆப்பை எடுத்தபின் மிச்சத்தையும் ரம்பத்தால் அறுத்துப் பிரித்து, தொடை ஒவ்வொன்றிலும் கம்பி செருகி, வேண்டிய கோணத்தில் ஒட்டுங்கள். பின்புறம் திறந்து நிற்கும் இடைவெளியை எம்-சீலால் நிரப்பி, அது இறுகுவதற்குள் இருக்கைத் தகட்டின்மேல் அழுத்துங்கள். அடிப்பகுதி தட்டையாகி, உடலின் எடை இருக்கையில் இறங்கியது போலத் தெரிவது இந்த அழுத்தத்தால்தான்.

முழங்காலில் ஆப்பு பின்பக்கத்திலிருந்து வர வேண்டும். மடக்கியபின் இரண்டு அளவுகளைச் சரிபாருங்கள்: பின்புறத்திலிருந்து முழங்கால் முனைவரை ஏறத்தாழ 10 மி.மீ., முழங்காலிலிருந்து உள்ளங்கால்வரை 9 மி.மீ. குறைந்திருந்தால் முழங்கால் முனையில் புட்டி சேர்த்து ஈடுகட்டலாம். இடுப்புக் கோணத்தைச் செங்கோணமாக வைக்காதீர்கள். உடல் சற்றே பின்னால் சாய்ந்து, முதுகு மெத்தையில் பட வேண்டும்.

புதியவர்களுக்கு நெப்போலியனின் சாம்பல் நிற மேற்கோட்டு ஒரு பெரிய உதவி. கிரீன் ஸ்டஃபை மெல்லிய தாளாக உருட்டி, சற்று இறுகியபின் இரண்டு முன்தானைகளாக வெட்டித் தொடைமேல் படியவிட்டால் இடுப்பு ஒட்டு முழுவதும் மறைந்துவிடும். மடிப்புக் கோடுகள் இடுப்பு மடங்கும் இடத்திலிருந்து முழங்காலை நோக்கி விசிறியாகப் பிரிய வேண்டும். குறுக்கே ஓடக் கூடாது. பெர்த்ரானுக்குத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டேன். இடுப்பும் மறைகிறது, தலைக்கு மேல் இடமும் மிஞ்சுகிறது. நெப்போலியன் தம் தொப்பியின் முனைகள் தோள்களை நோக்கி இருக்கும்படி அணிந்தவர். அதனால் அது பக்கவாட்டில் 8 மி.மீ.க்குக் குறையாமல் இடம் கேட்கும். அவரை வண்டிச் சுவரை ஒட்டி அமர்த்த முடியாது.

28 மி.மீ. உருவங்களின் கைகள் உடலைவிட்டு விலகியே வார்க்கப்படுகின்றன. இருவர் அருகருகே அமரும்போது தொட்டுக்கொள்ளும் இரண்டு கைகளின் வெளிப்பக்கத்தையும் தட்டையாக அராவிவிடுங்கள். அந்த வெட்டு கண்ணில் படவே படாது.

உடலைக் கட்டுதல்

இருக்கை வண்டியின் உள்தரையிலிருந்து 7 மி.மீ. உயரம், 8 முதல் 9 மி.மீ. ஆழம். இருவரையும் அதன்மேல் தற்காலிகமாக நிறுத்தி, உள்தரையிலிருந்து தொப்பியின் உச்சிவரை அளந்து, அதனுடன் 2 மி.மீ. கூட்டினால் கூரையின் உயரம் கிடைக்கும். அகலத்தையும் இப்படியே அளந்துகொள்ளுங்கள். பிறகுதான் தகட்டை வெட்ட வேண்டும். அடிப்பகுதியின் வளைவுக்கு, தகட்டை வெந்நீரில் தோய்த்து ஒரு மருந்துக் குப்பியின்மேல் கட்டிவைத்தால் போதும். உள்புறத்துக்கும் உருவங்களுக்கும் வண்ணம் பூசி முடித்தபின் கூரையை ஒட்டுங்கள். ஒட்டாமல் கழற்றும்படி விடுவது இன்னும் நல்லது.

வில்லும் சக்கரமும்

கடைகளில் கிடைக்கும் பழங்கால வண்டிப் பொம்மைகளில் பெரும்பாலும் நீள்வட்ட வில்களே (அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங்குகள்) இருக்கும். அவ்வகை வில்லுக்கு ஓபதையா எலியட் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1804-இல்தான். அது அப்போது புதிய வகை, நம் வண்டிக்குப் பொருந்தாது. அக்காலப் பயண வண்டியின் உடல், நான்கு மூலைகளிலும் நிற்கும் சி-வடிவ வில்களிலிருந்து தோல்வாரில் தொங்கும். 1.5 மி.மீ. அகலப் பித்தளைப் பட்டையை 6 மி.மீ. துளை அலகின் தண்டில் சுற்றினால் அந்த வடிவம் கிடைக்கும். வாருக்குத் தடித்த காகிதம் போதும்.

பின்சக்கரம் 25 முதல் 27 மி.மீ., முன்சக்கரம் 18 மி.மீ. விட்டம் இருக்கட்டும். வண்டி திரும்பும்போது முன்சக்கரம் சட்டத்தின் அடியில் நுழைய வேண்டும் என்பதே அது சிறிதாக இருப்பதன் காரணம். சக்கரங்களை வேறு பொம்மையிலிருந்து எடுப்பதானால் ஆரக்கால்களை எண்ணிப் பாருங்கள். சக்கர விளிம்பின் வளைந்த மரத்துண்டான வட்டை ஒவ்வொன்றும் பொதுவாக இரண்டு ஆரக்கால்களைத் தாங்குவதால் எண்ணிக்கை இரட்டைப்படையில் இருக்கும். பதினொன்று இருந்தால் அந்தச் சக்கரத்தை ஒதுக்கிவிடலாம்.

குதிரைகளில் ஏறி ஓட்டும் போஸ்டிலியன் வைத்தால், ஒவ்வொரு இணையிலும் இடப்பக்கக் குதிரைமேல்தான் அவர் அமர்வார். பேரரசரின் வண்டிப் பணியாளர் சீருடை பச்சையும் பொன்னும். ஆறு குதிரைகளைப் பூட்டினால் அடித்தளம் ஒரு முழத்தை நெருங்கும் என்பதால் முதல் வண்டிக்கு நான்கே போதும்.

பின்சேர்க்கை

சன்னல் கண்ணாடி பனி மூடியது போல வெளுத்துவிடுகிறது என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். ஃபெவிகுயிக் வகைப் பசைகளின் ஆவிதான் அதற்குக் காரணம். சன்னல் தாளை ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். உள்ளே வேறெங்காவது ஃபெவிகுயிக் பயன்படுத்தியிருந்தால் ஒரு நாள் முழுவதும் காற்றாட விட்டபின்னரே சன்னலை மூடுங்கள்.

1/72 அளவு மென்பிளாஸ்டிக் உருவங்களைப் பற்றியும் கேள்வி வந்தது. அவற்றில் பசையும் புட்டியும் சரியாகப் பிடிக்காது. கொதிநீரில் தோய்த்து, வளைத்து, உடனே குளிர்நீரில் அமிழ்த்தினால் கோணம் நிலைக்கும். பசையைவிடக் கம்பியையே நம்புங்கள்.

மீந்துபோன குதிரைவீரர் உருவங்களை என்ன செய்வது என்று கேட்டவருக்கு: மருத்துவர் பெர்சி 1799-இல் ரைன் படைக்காக உருவாக்கிய மருத்துவ வண்டியைக் கட்டுங்கள். அதில் அறுவை மருத்துவர்கள் நீண்ட, மெத்தையிட்ட ஒரே இருக்கையின் இருபுறமும் கால் போட்டு வரிசையாக அமர்ந்து சென்றார்கள். இடுப்பை வெட்டவே வேண்டாம். வாளையும் துப்பாக்கிப் பையையும் அராவி எடுத்துவிட்டு, 7 மி.மீ. அகலமுள்ள உருளை இருக்கையில் அவர்களை அப்படியே பொருத்தலாம்.