டொராண்டோவுக்குப் படிக்கப் போகும் நீலகிரிப் பிள்ளைகளுக்கு

குன்னூர், கோத்தகிரி பக்கமிருந்து கனடாவுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது குளிரைப் பற்றி. கேட்காமல் விடுவது வாடகை அறையையும் வேலை நேரத்தையும் பற்றி. டொராண்டோவில் நான் படித்த காலத்தில் கூட இருந்த பிள்ளைகள் உடைந்துபோய் அழுததெல்லாம் இந்த இரண்டு காரியத்துக்காகத்தான். ஆகவே அவற்றை விரிவாகச் சொல்கிறேன், மற்றதைச் சுருக்கமாக.

மலையை விட்டு இறங்கும் முன்

ஏஜென்ட் காட்டும் கல்லூரி, வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அனுமதி பெற்ற கல்லூரிகளின் பட்டியலில் (கனடா அரசின் டி.எல்.ஐ. பட்டியல்) இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். இருந்தாலும் அதோடு நிற்கக் கூடாது. படிப்பு முடிந்தபின் வேலை பார்க்கும் அனுமதி எல்லாப் படிப்புக்கும் கிடைக்காது. அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கித் தனியார் கல்லூரி நடத்துகிற படிப்புகள் சில உண்டு; 2024 மே 15 முதல் அவற்றில் சேர்ந்தவர்களுக்கு அந்த அனுமதி இல்லை. பட்டயப் படிப்பு என்றால் எந்தத் துறை என்றும் இப்போது பார்க்கிறார்கள். இங்கே பல வீடுகளில் தேயிலை நிலத்தின் பட்டாவை வங்கியில் வைத்துத்தான் பிள்ளையை அனுப்புகிறார்கள். படிக்கிற காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். அதனால் ‘இந்தப் படிப்புக்கு வேலை அனுமதி உண்டா?’ என்ற கேள்விக்கு அரசு இணையதளத்தில் பதிலைப் பார்க்காமல் ஏஜென்ட் கையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எஸ்.டி.எஸ். என்ற விரைவு விண்ணப்ப வழியில் சீக்கிரம் விசா வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த முறை 2024 நவம்பரிலேயே நின்றுவிட்டது.

செலவுக்கென்று காட்ட வேண்டிய பணம் 2025 செப்டம்பர் முதல் ஒருவருக்கு 22,895 கனடிய டாலர். கல்லூரிக் கட்டணமும் விமான டிக்கெட்டும் இதில் சேராது. தொகை மாறிக்கொண்டே இருக்கிறது, விண்ணப்பிக்கும் சமயத்தில் மறுபடி பாருங்கள். பெரும்பாலோர் இதைக் கனடிய வங்கியில் ஜி.ஐ.சி. என்ற வைப்பாகப் போடுகிறார்கள். போய் இறங்கியதும் ஒரு பகுதிதான் கைக்கு வரும், மீதி மாதாமாதம். முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை, குளிர் கோட்டு, பாய்விரிப்பு எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும் என்பதால் தனியாகக் கொஞ்சம் கையிருப்பு அவசியம்.

விசாவுக்கு விரல் ரேகை கொடுக்கச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். ஜனவரியில் சேருகிறவர்கள் டிசம்பரில் கிளம்புவீர்கள். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் பர்லியார் பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்டுப் போகும். விமானத்துக்கு ஒரு நாள் முன்னாலேயே கோயம்புத்தூரில் இருந்துவிடுவது நல்லது.

குளிர்

தலைக்குந்தாவில் உறைபனி பார்த்து வளர்ந்தவர்களுக்கும் டொராண்டோ ஜனவரி வேறு. சில நாள் மைனஸ் 20 வரை இறங்கும், காற்று கன்னத்தைக் கிழிக்கும். ஆனால் நம் வீடுகளைப் போல உள்ளேயும் விறைக்காது. குளிர்காலத்தில் வாடகை வீட்டில் 21 டிகிரி வெப்பமாவது இருக்க வேண்டும் என்பது அந்த நகரத்தின் விதி. ஊட்டி திபெத்தியர் கடை ஸ்வெட்டர் ஒன்றிரண்டு போதும், உள்ளே போட்டுக்கொள்ள. காற்றுப் புகாத கோட்டையும் வழுக்காத பூட்ஸையும் அங்கேயே வாங்குங்கள். பழைய துணிக் கடைகளில் நல்லதாகவே கிடைக்கும். அரிசி, பருப்பு, மசாலாத்தூள் என்று பெட்டியை நிரப்ப வேண்டாம், டொராண்டோவில் தமிழர் நிறைய இருக்கும் ஸ்கார்பரோ பகுதியில் கிடைக்காத தமிழ்ச் சாமான் இல்லை. நம் ஊர்த் தேயிலை இரண்டு பாக்கெட் மட்டும் வையுங்கள். அறைத் தோழர்களுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தால் பேச்சு தானாக வரும்.

அறை

மாணவர்களுக்கு வாய்ப்பது பெரும்பாலும் பேஸ்மென்ட் அறை, அதாவது வீட்டின் நிலத்தடித் தளத்து அறை. இங்கிருந்தபடியே போட்டோவைப் பார்த்து ஆறு மாத வாடகை அனுப்பாதீர்கள். முதல் இரண்டு வாரத்துக்குத் தெரிந்தவர் வீட்டிலோ கல்லூரி விடுதியிலோ ஏற்பாடு செய்துகொண்டு, நேரில் பார்த்து எடுங்கள்.

பார்க்கப் போகும்போது மூக்கை முதலில் நம்புங்கள். படியில் இறங்கும்போதே ஈர வாடை அடித்தால் சுவரோரம், கட்டிலுக்குப் பின்னால், குளியலறை மூலையில் கறுப்புப் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நம் மலை வீடுகளில் மழைக்காலத்தில் பீரோவுக்குப் பின்னால் பூக்கிற அதே சங்கதிதான். அங்கே ஜன்னலைத் திறந்து காயவைக்க முடியாது. தீப்பிடித்தால் ஒரு ஆள் வெளியேறும் அளவுக்கு ஜன்னல் இருக்கிறதா? ஒவ்வொரு தளத்திலும், படுக்கும் இடத்துக்கு வெளியிலும், புகை அலாரம் இருக்க வேண்டும். வைத்துத் தருவது வீட்டுக்காரர் கடமை. துணி துவைக்கத் தனிக் காசா, இன்டர்நெட் வாடகையில் சேர்ந்ததா, அடுப்பை எத்தனை பேர் பங்கிடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி சட்டம். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் வீட்டுக்காரர் முன்பணமாக அதிகபட்சம் ஒரு மாத வாடகைதான் கேட்கலாம். அதுவும் கடைசி மாத வாடகையாகத்தான் கழியும். ‘ஏதாவது உடைந்தால் பிடித்துக்கொள்ள’ என்று தனியாக ஒரு தொகை கேட்பது சட்டப்படி செல்லாது. சாவிக்கு வாங்கும் பணம், புதுச் சாவி செய்யும் செலவுக்கு மேல் போகக் கூடாது. சாவியைக் கொடுத்ததும் திரும்ப வர வேண்டும். அரசே வெளியிட்ட வாடகை ஒப்பந்தப் படிவம் 2018 முதல் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் வீட்டுக்காரரோடோ அவருடைய பிள்ளை, பெற்றோரோடோ ஒரே சமையலறையையோ குளியலறையையோ பங்கிட வேண்டிய அறை என்றால் இந்தச் சட்டப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. அந்த மாதிரி அறை மலிவாக இருக்கும். எடுப்பதானால் இது தெரிந்து எடுங்கள்.

எந்தப் பணத்தையும் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். ‘நாம தமிழாக்கள்தானே’ என்று சொல்லி ரொக்கமாக வாங்கிக்கொண்டு, பிறகு வாங்கவே இல்லை என்று சாதித்தவரிடம் என் தோழி பட்ட பாடு எனக்குத் தெரியும். அதே தெருவில் இன்னொரு அக்கா, காய்ச்சலில் கிடந்தவளுக்கு வாரம் முழுக்க ரசம் கொண்டுவந்து கொடுத்தார். நம் மொழி பேசுகிறார் என்பதற்காக யாரையும் நம்பவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். ரசீது இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் மரியாதை.

வேலை

வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. மீறினால் போவது விசா. வேலைக்கு முன் சின் எண் என்ற அரசு அடையாள எண்ணை எடுக்க வேண்டும். அது இலவசம், வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவரை விலக்குங்கள். அந்த எண்ணை முதலாளிக்கும் வங்கிக்கும் வரித் துறைக்கும் தவிர யாரிடமும் சொல்லாதீர்கள். போய் இறங்கிய முதல் வாரங்களிலேயே, வரித் துறை என்று சொல்லி மிரட்டும் போன் வரலாம். கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல் என்று எந்த அரசு அலுவலகமும் கேட்காது. வைத்துவிடுங்கள்.

ஒன்டாரியோவில் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபர் முதல் மணிக்கு 17.60 டாலர். ‘ஒரு வாரம் பழகிக்கோ, அப்புறம் சம்பளம்’ என்பது செல்லாது. பழகும் நேரத்துக்கும் கூலி உண்டு. வேலை பார்த்த தேதி, நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இலை எடை போடும்போது நம் அம்மாக்கள் தங்கள் கணக்கைத் தனியாக எழுதி வைத்துக்கொள்வார்களே, அந்தப் பழக்கம் அங்கே உங்களைக் காப்பாற்றும். மாகாணத் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கக் காசு கட்ட வேண்டாம்.

ஊரும் ஆட்களும்

2021 கணக்கெடுப்பின்படி டொராண்டோவில் ஏறக்குறையப் பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். என் சமையலறையில் பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி, பஞ்சாபி ஒருத்தி, நைஜீரியப் பெண் ஒருத்தி. சேர்ந்து வாழ்வது அடுப்படியில்தான் தொடங்கும். எண்ணெய் காயும் முன்பே புகைபோக்கி விசிறியைப் போட்டு, கடுகு வெடிக்கும்போது மூடிவைத்துத் தாளியுங்கள். இல்லையென்றால் அலாரம் வீட்டையே எழுப்பிவிடும். கருவாடு வறுக்க ஆசை வந்தால் முன்னாலேயே சொல்லி, எல்லோரும் வெளியே போகும் நேரமாகப் பாருங்கள். அவர்கள் சமையலையும் ஒரு வாய் கேட்டுச் சாப்பிடுங்கள்.

ஸ்கார்பரோவில் நீங்கள் பழகும் தமிழரில் பெரும்பாலோர் ஈழத்திலிருந்து வந்தவர்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு வீடு, உறவு எல்லாவற்றையும் இழந்து வந்த குடும்பங்கள் நிறைய. போர்க் கதையைக் கிண்டிக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள். எங்கள் அம்மாயி 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையில் பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நீலகிரிக்கு வந்து, அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் இலை பறித்தவர். அதைச் சொன்ன நாள் முதல் என் வீட்டுக்கார அம்மா என்னைச் சாப்பிடாமல் படியிறங்க விட்டதில்லை.

ஆனால் ஸ்கார்பரோவிலேயே தங்கிவிடாதீர்கள். பிரெஸ்டோ என்ற பயண அட்டையைத் தட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை நகர பஸ், சுரங்க ரயில் மாறினாலும் ஒரே கட்டணம். கென்சிங்டன் மார்க்கெட்டுக்கும் ஜெரார்டு தெருவுக்கும் போய் நடங்கள். அந்த நகரத்தில் படிப்பவர்களுக்குப் பொது நூலக அட்டை இலவசம். கம்ப்யூட்டர், அச்சடிக்கும் வசதி, அமைதியான மேசை எல்லாம் உண்டு. சில கிளைகளில் தமிழ்ப் புத்தகமும் இருக்கும். வகுப்பில் புரியாததை ஆசிரியரின் அறைக்கே போய்க் கேளுங்கள். அதற்கென்றே நேரம் ஒதுக்கி உட்கார்ந்திருப்பார்கள். இணையத்தில் எடுத்த வரியை உங்கள் வரியாக எழுதினால் கடுமையான தண்டனை, சில இடங்களில் கல்லூரியிலிருந்தே அனுப்பிவிடுவார்கள்.

வெளிநாட்டு மாணவருக்கு ஒன்டாரியோவின் அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. கல்லூரிக் கட்டணத்தோடு வரும் காப்பீட்டு அட்டையை முதல் வாரமே போனில் படமெடுத்து வையுங்கள். மனம் சோர்ந்தால் கல்லூரி ஆலோசகரைப் பாருங்கள். அவரிடம் பேசியது வீட்டுக்குப் போகாது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 30க்குள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். சம்பாத்தியம் குறைவு என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். பிடித்த வரி திரும்ப வருவதும், சிலருக்கு அரசு தரும் சலுகைத் தொகை கிடைப்பதும் அந்தக் கணக்கைக் கொடுத்தால்தான்.