கூரை ஸ்பீக்கர் முந்தினால்

எங்கள் ஒலி ஆய்வகத்தில் 7.1.4 அட்மாஸ் அமைப்பு, அதாவது கேட்பவரைச் சுற்றி 7, ஆழ்ந்த ஒலிக்கு 1, கூரையில் 4 என மொத்தம் 12 சேனல். மழைச் சத்தத்தை அறை முழுக்கச் சுற்றவிட்டால், அது கூரை ஸ்பீக்கர்களிலேயே ஒட்டிக்கொண்டது. பலரும் உடனே ஈக்யூவில் (எந்த அதிர்வெண் எவ்வளவு கேட்க வேண்டும் என்று கூட்டிக் குறைக்கும் கருவி) கைவைப்பார்கள். அதனால் பயனில்லை, சிக்கல் தூரத்தில். கூரையில் இருப்பவை மற்ற ஸ்பீக்கர்களைவிடக் காதுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் கிட்டே இருந்தன. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும்; ஒரு மீட்டருக்கு 2.9 மில்லிசெகண்ட். அவ்வளவு முந்தி வந்தாலே காது அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

உட்காரும் இடத்தில், காது உயரத்தில் அளவீட்டு மைக்கை வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியும் வந்துசேரும் நேரத்தை அளந்தேன். மிகத் தொலைவில் இருந்ததை அப்படியே விட்டு, மற்றவற்றுக்கு வித்தியாசத்தை டிலேயாக, அதாவது தாமதமாகக் கொடுத்தேன். அப்புறம் பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஓட்டி ஒலியளவைச் சமன் செய்தேன். மழை இப்போது சீராகப் பரவுகிறது. நாற்காலி நகர்ந்தால் கணக்கு மாறும் என்பதால் தரையில் டேப் ஒட்டியிருக்கிறோம்.