பத்துக் காம்பரா லயத்தில் நாய் வளர்ப்பது எப்படி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பத்துக் காம்பராக்கள் (ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை), கூரை ஒன்றுதான். நடுச்சுவர்கள் தகரத்தைத் தொடுவதில்லை. முதல் காம்பராவில் மிளகாய் தாளித்தால் நாலாவது காம்பராவில் தும்முவார்கள். இப்படிப்பட்ட இடத்தில் குட்டி கொண்டுவருவதற்கு முன் இரண்டு பக்கத்து வீடுகளிலும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். நான் கேட்கவில்லை. கருவாயனை ஒரு மழை நாளில் சாக்கில் சுற்றித் தூக்கிவந்துவிட்டேன்.

நாலு மாதம் கழித்துப் பக்கத்துக் காம்பரா அக்கா, தண்ணீர் பிடிக்கும் பீலியில் என்னைக் கண்டதும் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு திரும்பி நின்றாள். கானில் (வடிகாலில்) சாம்பல் கொட்டியதற்காகக் கோபம் என்று நினைத்தேன். கடைசியில் அவள் மகன்தான் சொன்னான். அவன் தொழிற்சாலையில் இராவேலை, பகலில்தான் தூக்கம். "சித்தி, நீங்கள் கொழுந்து பறிக்கப் போனதும் நாய் குரைக்கத் தொடங்குகிறது. நீங்கள் வருவதற்குள் நல்ல பிள்ளையாகப் படுத்துவிடுகிறது."

நான் நம்பவில்லை. மறுநாள் பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போவது போலக் கிளம்பி, கோயில் மதிலுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் குரைத்தான். நாய் வளர்ப்பவர் காதில்தான் அந்தக் குரைப்பு கடைசியாக விழும். ஆகவே யாராவது முறையிட்டால் "என் நாய் அப்படியில்லை" என்று வாயெடுக்காமல், எந்த நேரத்தில் என்று மட்டும் கேளுங்கள். நேரம் தெரிந்தால் காரணம் பாதி தெரிந்துவிடும்.

கருவாயனுக்குக் காரணம் இஸ்தோப்பு, அதாவது முன் திண்ணை. பாதையைப் பார்த்தபடி கட்டியிருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள், விறகு தூக்கி வருகிறவர்கள், பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஆட்டோ என்று யார் போனாலும் குரைப்பான். அவர்கள் தம் பாட்டுக்குக் கடந்து போவார்கள். தான் விரட்டித்தான் போனார்கள் என்பது அவன் கணக்கு. தினமும் வெற்றி பெறுகிறவன் எப்படி நிறுத்துவான்?

அடித்துப் பார்த்தேன், பயந்து இன்னும் கூடக் குரைத்தான். பிறகு கட்டும் இடத்தைக் குசினிப் பக்கம் மாற்றி, பாதை தெரியாதபடி கொழுந்துச் சாக்கைத் தட்டியாகக் கட்டினேன். இரண்டு கம்பங்களுக்கு இடையில் கம்பியை இழுத்துக் கட்டி, அதில் ஒரு வளையத்தைக் கோத்துச் சங்கிலியை மாட்டினேன். வளையம் கம்பியோடு ஓடுவதால் அவன் நடக்கலாம், சங்கிலி காலில் சுற்றாது. காலை ஐந்தரைக்குக் கோயில் மேடு வரை கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு போவேன். வேலைக்குக் கிளம்பும்போது சிரட்டையில் ரொட்டித் துண்டுகளை இறுக்கி அடைத்து முன்னால் வைத்துவிட்டு, கொஞ்சாமல் பேசாமல் போய்விடுவேன். அதைத் தோண்டித் தின்ன அரைமணி நேரம் பிடிக்கும். குரைப்பு அடங்க மூன்று வாரம் ஆயிற்று. நடுவில் ஒருநாள் அக்காவிடம், "இன்றைக்கு எப்படி?" என்று கேட்டேன். "பரவாயில்லை" என்றாள். எங்கள் பேச்சு அங்கே மறுபடி தொடங்கியது.

அடுத்தது கழிவு. இதில் நான் கொஞ்சம் கறார். மாட்டெரு போல நாய்க் கழிவை மரக்கறிப் பாத்தியில் போடக்கூடாது. அதிலுள்ள புழு முட்டைகள் மண்ணில் நெடுநாள் உயிரோடு கிடந்து, மண்ணில் விளையாடும் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போய்ச் சேரும். கானில் தள்ளினால் மழையோடு கீழ் லயத்துக்குப் போகும். பீலிக்கு எட்டத்தில் ஒன்றரை அடிக் குழி வெட்டி, அன்றன்றைக்குப் போட்டு மண்ணால் மூடுங்கள். நாய்க்கு வயிற்றுப் பூச்சி மருந்தை மிருக வைத்தியரிடம் கேட்டு முறையாகக் கொடுங்கள். தேயிலைக்குள் அவிழ்த்துவிட்டால் கழிவு யார் கண்ணிலும் படாது என்கிறார்கள். காலையில் அங்கே நிரை பிடித்து நிற்கும் பெண்களின் காலில் படும்.

விசர்நாய் (வெறிநாய்) நோய்த் தடுப்பூசி ஆண்டுக்கு ஒருமுறை. இலவசமாக ஊசி போட வரும் நாளில் நாயை வீட்டில் வளர்ப்பவரே பிடித்திருக்க வேண்டும், பிள்ளைகள் கையில் கயிற்றைக் கொடுக்காதீர்கள். தடுப்பூசி அட்டையைக் குடும்ப அட்டையோடு வையுங்கள். இலங்கையில் நாய்களைப் பதிவுசெய்ய 1901 இலேயே சட்டம் வந்துவிட்டது. லயத்தில் கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் ஒரு கடி பட்டுவிட்டால் எல்லோரும் முதலில் கேட்பது அந்தத் தடுப்பூசி அட்டையைத்தான். உங்கள் நாய் யாரையாவது கடித்தால் வாதாடிக்கொண்டு நிற்காமல், காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, நீங்களே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் பூச வேண்டாம். விசர்நாய் நோயின் அறிகுறி தெரிந்தபிறகு ஆளை மீட்பது அநேகமாக நடக்காத காரியம்.

பெட்டை நாய் என்றால் கருத்தடை செய்துவிடுங்கள். சினைக்காலம் சுமார் 63 நாட்கள்தான், அதற்குள் ஆறு குட்டிகளுக்கு வீடு தேடி முடியாது. தேடாதவர்கள் சந்தியில் பெட்டியோடு வைத்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அந்தக் குட்டிகள் பிறகு யார் வீட்டுக் கோழியைப் பிடிக்கின்றன என்று எழுதத் தொடங்கினால் இது நாய் வளர்ப்புக் குறிப்பாக இராது.

இரவில் கட்டாயம் உள்ளே படுக்க வையுங்கள். குளிருக்காக மட்டும் இல்லை. மலையில் சிறுத்தை இருக்கிறது, சங்கிலியில் கட்டிய நாய் அதற்கு இலகுவான இரை. நாயைத் தேடி லயத்துக்கு வந்து பழகிய சிறுத்தை உங்கள் ஒருவர் வாசலோடு திரும்பிப் போகாது.

கருவாயன் இப்போது அடுப்படிச் சாக்கில் படுக்கிறான். போன வாரம் நடுச்சாமத்தில் எழுந்து கூரையைப் பார்த்து உறுமினான். நான் விளக்கைப் போடுவதற்குள் நடுச்சுவருக்கு மேலாக அக்காவின் குரல் வந்தது: "சிறுத்தையா?"

"பூனை, அக்கா. தூங்குங்கள்."