கதவைச் சாத்திப் பார்க்காதீர்கள்: கார் லாக் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாட்டிக்கொண்ட கார் கதவு லாக்கை வீட்டு வாசலிலேயே பிரித்துப் பார்க்கும் தம்பிகள் இப்போது எங்கள் பக்கம் நிறைய. பாளையங்கோட்டையில் தெருவுக்கு ஒருவர் தேறுவார். கழற்றுவதெல்லாம் சுத்தமாகத்தான் கழற்றுகிறார்கள். ஆனால் தொழில் பழகுகிற காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்தை வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். அதனால்தான் இது.

சைல்டு லாக்கைப் பார், ரிமோட் பேட்டரியை மாற்று என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

நோய் தெரியாமல் பிரிப்பது

திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் வெளி ஹேண்டில், உள் ஹேண்டில், லாக் நாப் (உள்ளிருந்து பூட்டும் குமிழ்) மூன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள். உள்ளே இழுத்தால் திறக்கிறது, வெளியே இழுத்தால் திறக்கவில்லை என்றால் லாக்கில் கோளாறு இல்லை. வெளி ஹேண்டிலிலிருந்து லாக்குக்கு இறங்கும் கம்பியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கும், அல்லது ஹேண்டிலே உள்ளே முறிந்திருக்கும். வெளியே திறந்து உள்ளே திறக்காவிட்டால் உள் ஹேண்டில் கேபிளைப் பாருங்கள்.

நாப்பைக் கையால் தூக்கினால் வருகிறது, ரிமோட்டை அமுக்கினால் வரவில்லையா? கதவில் காதை வையுங்கள். மோட்டார் சத்தம் கேட்டும் நாப் அசையாவிட்டால், மோட்டாரின் உள்பல் தேய்ந்திருக்கும் அல்லது அதன் இணைப்பு கழன்றிருக்கும். அந்த ஒரு கதவில் மட்டும் சத்தமே இல்லை என்றால், கதவுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயரை முதலில் சந்தேகப்படுங்கள். திறந்து மூடி, மடங்கி மடங்கி அறுந்துபோகும். டிரைவர் கதவில்தான் இது அதிகம். நான்கு கதவும் ஒரேயடியாகச் செத்துக் கிடந்தால் பியூஸைப் பாருங்கள்.

நாப் நன்றாக ஏறி இறங்கியும் இரண்டு ஹேண்டிலுக்கும் கதவு மசியாவிட்டால்தான் லாக்கே மாட்டியிருக்கிறது என்று பொருள்.

சாத்திப் பார்ப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். மற்ற தவறுகளில் ஒரு கிளிப் போகும், ஒரு திருகு போகும். இதில் டோர் பேடே, அதாவது கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் பலகையே, போய்விடும்.

லாக்குக்குள் கொக்கி மாதிரி ஒரு துண்டு இருக்கிறது. கதவைச் சாத்தும்போது அது சுழன்று பாடியில் இருக்கும் ஸ்ட்ரைக்கர் வளையத்தைக் கவ்வும். திரும்பிப் போகாமல் இன்னொரு சின்னத் துண்டு அதைத் தடுத்து நிற்கும். ஹேண்டிலை இழுத்தால் அந்தத் தடுப்பு விலக வேண்டும். விலகாவிட்டால் கதவு திறக்காது. லாக்கைப் பிடித்திருக்கும் திருகுகள், பெரும்பாலும் மூன்று, கதவின் ஓரத்தில் இருக்கின்றன. கதவு சாத்தியிருக்கும்வரை அவற்றைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. டோர் பேடின் கீழ் விளிம்பும் பக்க விளிம்பும் அப்படித்தான், சீட்டும் தூணும் மறைத்துக்கொள்ளும்.

பணகுடிப் பக்கம் ஒரு தம்பிக்கு நடந்தது இது. பின்பக்க இடது கதவு பத்துத் தடவை இழுத்தால் ஒரு தடவை திறக்கும். ஒருநாள் திறந்தது. பேடைக் கழற்றி, லாக்கைத் துடைத்து, கிரீஸ் வைத்து, எல்லாவற்றையும் அழகாக மாட்டிவிட்டார். உள் கேபிளின் நுனியை லாக்கின் நெம்புகோலில் போட்டவர், அதன் உறையைக் காடியில் அழுத்தவில்லை. வெளிக் கம்பியின் கிளிப்பில் விரிசல் இருந்ததையும் கவனிக்கவில்லை. அப்புறம் போன் வந்தது.

“அண்ணாச்சி, சரியா வருதான்னு சாத்தி மட்டும்தான் பாத்தேன்.”

முன்சீட்டைக் கழற்றி, பின்சீட்டு மெத்தையைத் தூக்கி, பேடை வளைத்து நெம்பித் திறந்தோம். ஹேண்டில் பக்கத்தில் பேடு பிளந்துவிட்டது. லாக்கில் ஒரு குறையும் இல்லை! கிளிப்போடு முடிய வேண்டிய வேலை.

ஆகவே, தகராறு செய்யும் கதவு எப்படியோ திறந்துவிட்டால், வேலை முடியும்வரை அதைச் சாத்தாதீர்கள். ஸ்ட்ரைக்கரில் பழைய துணியைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். ஆனி, ஆடியில் வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு பக்கம் அடிக்கிற காற்றுக்கு நீங்கள் சாத்த வேண்டியதே இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து காற்றாலையைச் சுற்றுகிற காற்று உங்கள் கதவையும் அறைந்து சாத்தும்.

சோதனையைத் திறந்த கதவிலேயே செய்யலாம். திருப்புளியால் கொக்கியை உள்ளே தள்ளுங்கள். இரண்டு ‘கிளிக்’ கேட்கும்: முதலாவது பாதிப் பூட்டு, இரண்டாவது முழுப் பூட்டு. இப்போது வெளி ஹேண்டிலை இழுங்கள். கொக்கி தயங்காமல் துள்ளித் திரும்ப வேண்டும். மறுபடி தள்ளி உள் ஹேண்டிலால் திறங்கள். பிறகு நாப்பால் பூட்டித் திறந்து, ரிமோட்டால் பூட்டித் திறந்து பாருங்கள். பேடை மாட்டும் முன் ஒரு முறை, மாட்டிய பின் ஒரு முறை. இதெல்லாம் சரியாக வந்தால்தான் துணியை அவிழ்க்கலாம். கொக்கி மூடிய நிலையில் கதவை அறைந்துவிடாதீர்கள், அது ஸ்ட்ரைக்கரில் மோதி லாக்கையே கெடுக்கும்.

ஏற்கெனவே சாத்திவிட்டீர்களா? சரி. வெளியிலிருந்து ஒருவர் கதவை உள்நோக்கி நன்றாக அழுத்த, இன்னொருவர் ஹேண்டிலை இழுக்கட்டும். கதவு விளிம்பைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் கதவை வெளியே தள்ளுவதால் தடுப்பின் மேல் பாரம் நிற்கும். அந்தப் பாரம் குறைந்தால் சில நேரம் விட்டுக்கொடுக்கும். டோர் பேடு இன்னும் மாட்டப்படாமல் இருந்தால் தப்பித்தீர்கள். அடுத்த கதவு வழியாக உள்ளே போய், தகட்டு ஓட்டைக்குள் கைவிட்டுக் கம்பியையோ லாக்கின் நெம்புகோலையோ தள்ளிப் பாருங்கள்.

சாவித் துவாரத்தில் தேங்காய் எண்ணெய்

வேண்டாம். புழுதியைப் பிடித்துவைத்துப் பிசினாகிவிடும். துவாரத்துக்கு கிராபைட் பொடி, லாக்குக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ். உவரி, கூடங்குளம் என்று கடற்கரை ஓரம் கார் நிற்பவர்கள், லாக் மாட்டிக்கொள்ளும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக வையுங்கள். உப்புக்காற்று சும்மா விடாது.

வராத சாவியை முறுக்குவது

உள்ளே முறியும்.

ஸ்ட்ரைக்கரை இளக்குவது

கதவு சரியாக உட்காரவில்லை என்றதும் முதலில் இதைத்தான் இளக்குகிறார்கள். கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஆட்டம் இருந்தால் கோளாறு கீலில். ஸ்ட்ரைக்கரைத் தொட்டே ஆக வேண்டும் என்றால், அதைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுவிட்டு இளக்குங்கள். கோடு இல்லாமல் பழைய இடத்தைத் தேடினால் அன்றைய பொழுது போய்விடும்.

பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிவது

பேடுக்குப் பின்னால் கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கிற தாள் தேவையில்லாத சாமான் அல்ல. கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகக் கதவுக்குள் மழைத்தண்ணீர் எப்போதும் இறங்கும். அதைக் காருக்குள் விடாமல் தடுப்பது இந்தத் தாள். இதை எறிந்துவிட்டு, ஐப்பசியில் கால்மிதி நனைந்ததும் கூரையில் ஓட்டை தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வெளியேற கதவின் அடிவிளிம்பில் சின்ன ஓட்டைகள் உண்டு. தேரியின் செம்மணலில் ஓடும் வண்டிகளில் இவை அடைத்துக்கொள்ளும், கதவை ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும். ஒரு ஈர்க்குச்சியை விட்டுக் குத்தினால் போதும்.