வண்டின் வயிறு எங்கே தொடங்குகிறது?

மழை விட்ட இரவுகளில் எங்கள் புளோக் நடைபாதை விளக்கடியில் காண்டாமிருக வண்டு ஏதாவது மல்லாந்து கிடந்து காலை உதைக்கும். அக்கா மகன் உடனே நோட்டை எடுத்துப் படம் வரைவான். தலை, மார்பு சரிதான். முதுகு முழுவதற்கும் அம்புக்குறி போட்டு ‘வயிறு’ என்று எழுதிவிடுவான். பெரியவர்களும் செய்கிற தவறுதான் இது.

அந்த முதுகு வயிறே அல்ல. மார்பில் முளைத்த முன்சிறகுகள் கெட்டியாகி மூடிபோலக் கவிந்திருக்கின்றன. மூடிக்கு அடியில் மடித்துவைத்த பறக்கும் சிறகுகள். அவற்றுக்கும் கீழேதான் வயிறு. அதனால் அடிப்பக்கம் பாருங்கள். நடுக்காலுக்கும் பின்காலுக்கும் இடையே ஓர் அகலத் தகடு தெரியும். அதிலும் ஏமாற வேண்டாம், அதுவும் மார்புதான். ஆறு காலும் மார்புக்குச் சொந்தம். கடைசி ஜோடிக்குப் பின்னால் வளையம் வளையமாக வருவதே வயிறு.

வளையங்களை எண்ணி ‘ஐந்து’ என்று முடித்துவிடுவது அடுத்த தவறு. வண்டுகளில் அடிப்பக்கத்து முதல் வளையம் மறைந்துபோயிருக்கும். பலவற்றில் இரண்டாவதும் பின்கால் அடியில் ஒளிந்திருக்கும். முதலாவதாகக் கண்ணில் படுவது பெரும்பாலும் உண்மையில் மூன்றாவது. ‘தெரியும் வளையம் 1’ என்று குறித்துக்கொண்டால் குழப்பமில்லை.

எறும்பு இன்னும் பொல்லாதது. இடுப்புக்கு முன்னாலிருப்பதெல்லாம் மார்பு என்று தோன்றும். ஆனால் வயிற்றின் முதல் வளையம் மார்போடு ஒட்டிப் போய்விட்டது. அந்த மெல்லிய இடுப்பு தொடங்குவதே வயிற்றின் இரண்டாவது வளையத்தில்தான்.

‘வயிறு’ என்ற சொல்லும் ஆளை ஏமாற்றும். அங்கே இரைப்பை மட்டுமா இருக்கிறது? முதுகோரம் நீளக் குழாயாக இதயம், பக்கங்களில் சுவாசத் துளைகள், முட்டைப் பைகள். வெட்டுக்கிளிக்குக் காதே வயிற்றின் முதல் வளையத்தில்தான். சிங்கப்பூரின் நீ சூன் சதுப்புக் காட்டில் கண்டறியப்பட்டு 2021இல் பெயர் பெற்ற ‘லூசியோலா சிங்கப்பூரா’ மின்மினிக்கு விளக்கு எரிவதும் வயிற்றடியில்தான், ‘வாலில்’ அல்ல.

கடைசியாக, ஆணா பெண்ணா என்று கொம்பை வைத்துச் சொல்லாதீர்கள். காண்டாமிருக வண்டில் இரண்டுக்கும் கொம்பு உண்டு, ஆணுக்குப் பொதுவாக நீளம் அதிகம், அவ்வளவுதான். வயிற்று நுனியைப் பாருங்கள்: பெண்ணுக்கு அங்கே அடர்ந்த செம்மயிர் இருக்கும். பயல் ‘கொம்பன்’ என்று பெயர் வைத்திருந்த வண்டைத் திருப்பிப் பார்த்தோம். நுனியெல்லாம் மயிர்.