லண்டன் ஃபூட்டியில் கோல் அம்பயராக நிற்பது எப்படி

லண்டனில் ஃபூட்டி எனப்படும் ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆடுகிறார்கள் என்பதே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். 1989-இல் தொடங்கிய லீக் இது. இப்போது ஏஎஃப்எல் லண்டன் என்ற பெயரில் பிரீமியர்ஷிப், கான்ஃபரன்ஸ், சோஷியல் என்று மூன்று அடுக்காக நடக்கிறது. நான் சொல்லப்போவது கடைசி அடுக்கு. அங்கே விசில் ஊதவாவது யாராவது கிடைப்பார்கள், கோலுக்குப் பின்னால் கோல் அம்பயராக நிற்கத்தான் ஆள் கிடைக்காது. வேடிக்கை பார்க்க வந்த அண்ணன், காதலி, மாமா என்று யார் கையிலாவது இரண்டு கொடிகளைத் திணித்துவிடுவார்கள். நான் மாமா வகை. மெல்போர்னில் வளர்ந்த என் அக்கா மகன் இங்கே ஆடுகிறான்.

உங்கள் கையிலும் கொடி வந்தால் பயப்பட வேண்டாம். விளையாட்டு முழுவதும் தெரிய வேண்டிய அவசியமில்லை. நான்கு கம்பங்களைப் பற்றித் தெரிந்தால் போதும்.

நடுவில் இருக்கும் இரண்டும் கோல் கம்பங்கள், இடைவெளி 6.4 மீட்டர். இருபுறமும் அதே தூரம் தள்ளி பிஹைண்ட் கம்பங்கள். தாக்கும் அணி காலால் உதைத்த பந்து, வேறு யார் மீதும் படாமல் நடுவே போனால் கோல், 6 புள்ளி. உருண்டு போனாலும் கோல்தான். யாருடைய விரலாவது பட்டிருந்தால், கோல் கம்பத்தில் இடித்தால், கையால் தட்டி அனுப்பியிருந்தால், ஓரத்து இடைவெளியில் போனால், எல்லாமே பிஹைண்ட், 1 புள்ளி. தற்காக்கும் ஆளே பந்தைக் கோட்டுக்கு அப்பால் தள்ளினாலும் எதிரணிக்கு அந்த 1 புள்ளி உண்டு. பந்து பிஹைண்ட் கம்பத்தில் பட்டால் மட்டும் புள்ளியே கிடையாது.

பந்து கோட்டை முழுதாகக் கடக்க வேண்டும். அதனால் கோட்டருகே ஆட்கள் குவிந்து புரளும்போது, அந்தக் கோட்டின் மேலேயே நின்று அதன் நீளவாட்டில் பாருங்கள். தூரத்திலிருந்து உயரமாக உதைக்கும்போது அப்படி நிற்கக் கூடாது. பின்னால் தள்ளி நின்று, பந்து வரும் திசைக்கு நேர் கீழே ஓடிப் போக வேண்டும். கம்பத்தை ஒட்டி வருவதுபோல் தெரிந்தால் அந்தக் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்று, அண்ணாந்து பாருங்கள். பெரிய மைதானங்களில் கோல் கம்பம் குறைந்தது 6 மீட்டர் இருக்கும். நமக்குக் கிடைப்பதோ காலையில் நட்டு மாலையில் பிடுங்கும் குழாய்கள். கம்பத்தின் உச்சிக்கு மேலே போகும் பந்தை, கம்பம் இன்னும் நீண்டிருப்பதாக மனதில் கோடிழுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கோட்டுக்கு நேர் மேலே போயிருந்தால் பிஹைண்ட்.

அப்புறம் அவசரமே கூடாது. மைதானத்துக்குள் விசில் ஊதும் ஃபீல்ட் அம்பயர் "ஆல் கிளியர்" சொல்லும்வரை விரலை நீட்டாதீர்கள். உதைப்பதற்கு முன்பே ஏதாவது ஃப்ரீ கிக் நடந்திருக்கலாம், அது உங்களுக்குத் தெரியாது. அவர் சொன்னதும், கோலுக்கு இரண்டு ஆள்காட்டி விரல்கள், பிஹைண்டுக்கு ஒன்று. அதன்பிறகு அதே கணக்கில் கொடி. "மாமா, கொசு விரட்டுற மாதிரி ஆட்டாதீங்க" என்று அக்கா மகன் கத்தியது உண்மை. கை முழுதாக நீட்டி, நிதானமாக, எதிர்முனை அம்பயருக்குத் தெரியும்படி ஆட்டுங்கள். அவரும் கொடியசைத்துப் பதில் சொல்வார். அதன்பிறகே உங்கள் ஸ்கோர் அட்டையில் குறியுங்கள்.

இந்த அட்டைதான் புதியவர்களைக் கவிழ்க்கும் இடம். நீங்கள் ஒரே முனையில் நிற்பீர்கள், அணிகளோ ஒவ்வொரு குவார்ட்டருக்கும் (ஆட்டத்தின் நான்கில் ஒரு பகுதி) முனை மாறும். முதல் குவார்ட்டரில் உங்கள் பக்கம் கோலடித்தவர்கள் அடுத்ததில் அங்கே போய்விடுவார்கள். ஒவ்வொரு குவார்ட்டர் தொடக்கத்திலும் இந்த முனையில் எந்த அணி அடிக்கிறது என்று அட்டையின் மேலே எழுதிவிடுங்கள். எதிர்முனையில் விழும் புள்ளிகளும் உங்கள் அட்டையில் ஏற வேண்டும். இடைவேளையில் இரண்டு பேரும் நடுவில் சந்தித்து ஒப்பிட வேண்டும். 7.5 (47) என்று எழுதுவார்கள்: 7 கோல், 5 பிஹைண்ட், மொத்தம் 47. ஸ்கோர்போர்டு இல்லாத மைதானத்தில் இந்த இரண்டு அட்டைகள்தான் ஆட்டத்தின் கணக்கு. பேனா வேண்டாம், பென்சில் கொண்டு போங்கள். லீக் கோடையில்தான் நடக்கிறது, ஆனால் அது இங்கிலாந்துக் கோடை, மழை வரும்.

சந்தேகம் வந்தால்? வீடியோ எதுவும் கிடையாது. ஃபீல்ட் அம்பயரைக் கூப்பிட்டு, பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். இருவருக்கும் உறுதியில்லை என்றால் குறைந்த புள்ளிதான் தர வேண்டும். உதைத்தவன் கையைத் தூக்கிக்கொண்டு கோல் என்று ஓடிவருவான், அவன் முகத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அவன் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எல்லாமே கோல்தான்.

இன்னொன்று, கடைசி ஹாரன் அடித்ததும் கொடியைச் சுருட்டிவிடாதீர்கள். பந்து ஏற்கெனவே காலை விட்டுப் பறந்துகொண்டிருந்தால் அது கணக்கில் சேரும். ஹாரனுக்கு முன் மார்க் பிடித்தவன் (உதைத்த பந்தைத் தரையில் படாமல் கையில் பிடித்தவன்), ஹாரனுக்குப் பிறகும் தன் உதையை உதைக்கலாம். ஃபீல்ட் அம்பயர் ஆட்டம் முடிந்தது என்று சொன்ன பிறகு, எதிர்முனை அம்பயருடன் அட்டையைச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. கம்பம் பிடுங்கவும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள், அதற்கு மட்டும் முடியாது என்று சொல்லிவிடலாம்.